ஓர் இழையின் அசைவு

நுழையும்முன்

நெசவும் விண்ணியலும் ஒன்றோடொன்று தொடர்பற்ற துறைகளாகத் தோன்றலாம். ஆயினும், நுட்பமான அசைவை உணர்வதும் உணர்ந்ததை ஐயமறச் சோதிப்பதும் இரண்டுக்கும் பொதுவானவை. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் பிறந்த தமிழாசிரியர் ஒருவர், ஈர்ப்பலைகள் கண்டறியப்பட்ட செய்தியையும் அச்செய்தி தம் வகுப்பறையில் எழுப்பிய கேள்வியையும் இக்கட்டுரையில் நினைவுகூர்கிறார்.

தறியின் ஒலி

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. கூடத்தின் பெரும்பகுதியைத் தறி எடுத்துக்கொள்ள, எஞ்சிய இடத்தில் நாங்கள் அறுவர் வாழ்ந்தோம். தறிக்குழிக்குள் கால்களை விட்டு என் தந்தை அமர்ந்திருப்பார். சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக நெய்வதற்கு ஒருவர் கை போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திலும் கரையின் ஊடை உடலின் ஊடையைப் பற்றிக்கொள்ள வேண்டும். இதற்குக் கோர்வை என்று பெயர். பள்ளி விடுமுறை நாள்களில் இடப்புறக் கரையின் நாடாவைத் தள்ளும் பணி என்னுடையது.

தந்தைக்குத் தறியின் ஒலி அத்துபடி. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும். அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் அவர் கை நின்றுவிடும். "ஒலி மாறுகிறது" என்பார். எனக்கோ எல்லா அடிகளும் ஒன்றுபோலவே கேட்கும். அவர் குனிந்து தேடி, அறுந்த இழையை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்புவேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். வைகாசிக் கருடசேவைக்கு ஊர் கூடியிருந்த நாள்கள் அவை. தெருவில் கேட்ட மேள ஒலியில் மனம் போய்விட, ஓரிடத்தில் கோர்வையைப் பிடிக்காமல் நாடாவைத் தள்ளிவிட்டேன். தவறு எனக்குத் தெரிந்தது. ஆனால், நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் தந்தை நெய்த பகுதியை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அந்த இடம்வரை ஊடையை ஒவ்வோர் இழையாகப் பிரித்தெடுத்தார். ஒருநாள் உழைப்பு வீணாயிற்று.

"வாங்குகிறவர்கள் கண்ணுக்கு இது தெரியவா போகிறது, அப்பா?" என்றேன்.

"தெரியாது, தம்பி. நமக்குத் தெரியுமே" என்றார்.

என்னை அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

காலை வழிபாட்டில் ஒரு செய்தி

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவன் ஒருவன் செய்தி வாசித்தான். ஐன்ஸ்டைன் நூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கணித்துக் கூறிய ஈர்ப்பலைகளை அறிவியலாளர்கள் நேரடியாகக் கண்டறிந்துவிட்டனர் என்பது அச்செய்தி. அறிவிப்புதான் முந்தைய நாள் வெளியானது. அலை வந்து சேர்ந்தது ஐந்து மாதங்களுக்கு முன்பு, 2015 செப்டம்பர் 14 அன்று. இந்திய நேரப்படி அப்போது பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம்.

நான் நாள்குறிப்பைப் புரட்டினேன். அன்று திங்கட்கிழமை. பதினொன்றாம் வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த பாடவேளை அது. ஈர்ப்பலைக்குச் சுவர் இல்லை, மலை இல்லை. பூமியையே ஊடுருவிச் செல்லும். எனவே, அந்த அலை எங்கள் வகுப்பறையையும் கடந்து சென்றிருக்கிறது. கரும்பலகையும் நானும் மாணவர்களும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம், எவராலும் உணர முடியாத அளவுக்கு, நீண்டு சுருங்கியிருக்கிறோம். இந்த வியப்பை அன்றைய வகுப்பில் மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொண்டேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவளும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை.

"ஐயா, நூற்று முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நடந்ததைக் கேட்பதற்குக் கருவி இருக்கிறது. போன கார்த்திகை மழையில் எங்கள் தறிக்குழியில் தண்ணீர் நின்றது. ஒரு மாதம் தறி ஓடவில்லை. அது ஒருவர் காதிலும் விழவில்லை. இந்த அலையால் எங்களுக்கு என்ன, ஐயா?"

வகுப்பு அமைதியாயிற்று. கேள்வியில் துடுக்கு இல்லை. அவள் உண்மையாகவே விடை கேட்டாள். "திங்கட்கிழமை சொல்கிறேன்" என்று கூறி, பாடத்தைத் தொடர்ந்தேன். தமிழ் படித்த எனக்கு அலையைப் பற்றிய பாதியும் தெரியாது. அவள் கேட்ட மறுபாதியும் தெரியாது.

நீளும் வெளி

முதல் பாதிக்கு எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியையை நாடினேன். அவர் என்னிடம், "உங்கள் தோள்துண்டைக் கொடுங்கள்" என்றார். அதன் இரு முனைகளையும் பிடித்து நீளவாட்டில் இழுத்தார், அகலம் சுருங்கியது. அகலவாட்டில் இழுத்தார், நீளம் சுருங்கியது. "ஈர்ப்பலை கடக்கும்போது வெளிக்கு நேர்வது இதுதான்" என்றார்.

நியூட்டனின் பார்வையில் வெளி என்பது பொருள்கள் இருப்பதற்கான அசையாத மேடை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டில் அம்மேடையே வளையும்; நீளும்; சுருங்கும். நிறை மிகுந்த பொருள்கள் முடுக்கத்தோடு இயங்கும்போது அந்த அதிர்வு ஒளியின் வேகத்தில் பரவும் என்று 1916ஆம் ஆண்டு அவர் எழுதினார். பிற்காலத்தில் அவருக்கே இதில் ஐயம் தோன்றி நீங்கியதும் உண்டு.

2015இல் வந்த அலையின் பிறப்பிடம் ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்தது. சூரியனைப் போல் 36 மடங்கு நிறையுடைய கருந்துளை ஒன்றும் 29 மடங்கு நிறையுடைய கருந்துளை ஒன்றும் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி, ஒன்றாகக் கலந்தன. கலந்தபின் இருந்த நிறை 62 மடங்கு மட்டுமே. எஞ்சிய மூன்று சூரியன்களின் நிறை முழுவதும் ஆற்றலாக மாறி, ஈர்ப்பலையாய்ப் பரவியது.

அவ்வளவு பெரிய நிகழ்வின் அலை நம்மிடம் வந்து சேர்ந்தபோது எவ்வளவு மெலிந்திருந்தது தெரியுமா? சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் நான்கு ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. அந்த முழுத் தொலைவும் ஒரு தலைமயிரின் தடிப்பினும் குறைந்த அளவே மாறியிருக்கும். இந்த மாற்றத்தை அளப்பதென்பது நினைத்துப் பார்க்கவே அரிய செயல்.

இருளில் ஒரு கீற்று

அளக்கும் கருவியின் அடிப்படை எளியது. அமெரிக்காவின் மைக்கேல்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதனை உருவாக்கிவிட்டார். குறுக்கீட்டுமானி என்பது அதன் பெயர். ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு வழிகளில் அனுப்ப வேண்டும்; தறியில் பாவும் ஊடையும் போல. ஒவ்வொரு வழியின் முடிவிலும் ஆடி இருக்கும். அவற்றில் பட்டுத் திரும்பும் இரு கற்றைகளும் மீண்டும் சந்திக்கும். ஒன்றின் முகடு மற்றொன்றின் அகட்டின்மேல் விழுமாறு அமைத்துவிட்டால், ஒளியும் ஒளியும் சேர்ந்து இருளாகும். ஈர்ப்பலை கடக்கும்போது ஒரு வழி நீண்டு, மற்றொரு வழி சுருங்கும். முகடும் அகடும் இடம் பிசகும். இருளில் ஒளியின் கீற்று ஒன்று தோன்றும். அந்தக் கீற்றே செய்தி.

'லைகோ' எனப்படும் அமெரிக்க ஆய்வகத்தில் இவ்வழி ஒவ்வொன்றும் நான்கு கிலோமீட்டர் நீளமுடையது. காற்று நீக்கிய குழாய்களுக்குள் சீரொளிக்கற்றை ஓடுகிறது. அது ஆடிகளுக்கிடையே ஏறத்தாழ முந்நூறு முறை சென்று திரும்புவதால், நான்கு கிலோமீட்டர் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் போலப் பயன்தருகிறது. இவ்வளவு செய்தும் 2015இல் அளக்கப்பட்ட நீள மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் நானூறில் ஒரு பங்கு அளவே.

இத்தகைய கருவிக்குப் பகை எங்கும் உண்டு. தொலைவில் செல்லும் சரக்குந்து, கரையில் மோதும் கடலலை, காற்றில் ஆடும் மரம் ஆகிய அனைத்தும் ஆடிகளை அசைத்துவிடும். எனவே, நாற்பது கிலோ எடையுள்ள ஒவ்வோர் ஆடியையும் ஊசலுக்குக் கீழ் ஊசலாக நான்கு அடுக்குகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடைசி அடுக்கில் ஆடியைத் தாங்குபவை நான்கு கண்ணாடி இழைகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் தடிப்புகூட இல்லாதது. இதைக் கேட்டபோது வரதராசப் பெருமாள் கோயில் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கற்சங்கிலி என் நினைவுக்கு வந்தது. ஒரே கல்லில் வளையத்துள் வளையமாகச் செதுக்கிய அந்தக் கைகளும், கண்ணாடியை இழையாக்கி ஆடியைத் தொங்கவிட்ட இந்தக் கைகளும் ஒரே பொறுமையைக் கற்றவை.

தந்தையின் இரு கேள்விகள்

அன்றிரவு தந்தையிடம் இவற்றைச் சொன்னேன். எண்பதைக் கடந்த அவர் தறியை விட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு கேள்வி கேட்டார்:

"இந்தப் பக்கம் ஓர் ஆள் என்றால், அந்தப் பக்கமும் ஓர் ஆள் இருந்தாரா?"

அவர் கோர்வையை நினைத்துக் கேட்டார். ஆனால், அறிவியலின் மையத்தைத் தொட்டுவிட்டார். லைகோவின் கருவிகள் இரண்டு. ஒன்று லூசியானா மாநிலத்தின் லிவிங்ஸ்டனிலும் மற்றொன்று வாசிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டிலும் மூவாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. ஓரிடத்தில் தோன்றும் அதிர்வு அவ்விடத்துச் சரக்குந்தால் நேர்ந்திருக்கலாம். ஒரே வடிவமுள்ள அதிர்வு இரண்டிடங்களிலும் தோன்றினால்தான் அதனை நம்பலாம். அன்று லிவிங்ஸ்டனில் பதிவான அலை, ஆயிரத்தில் ஏழு பங்கு நொடி கழித்து ஹான்ஃபோர்டில் பதிவானது.

தந்தை அடுத்த கேள்வியைக் கேட்டார்: "தவறு நேர்ந்தால் பிரித்தார்களா?"

அவருக்கு இரண்டு நிகழ்வுகளைச் சொன்னேன். 1960களில் ஜோசப் வெபர் என்னும் அறிவியலாளர் பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு ஈர்ப்பலைக்காகக் காத்திருந்தார். 1969இல் அலையைக் கண்டதாக அறிவித்தார். பிறர் அதைப் போன்ற கருவிகளை அமைத்துப் பார்த்தனர். அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. வெபரின் முடிவு ஏற்கப்படவில்லை. ஆயினும், தேடலாம் என்று முதலில் துணிந்தவர் அவரே.

மற்றொன்று 2010 செப்டம்பரில் நிகழ்ந்தது. லைகோவின் கருவியில் தெளிவான அதிர்வு ஒன்று பதிவானது. நூற்றுக்கணக்கான அறிவியலாளர்கள் அதனை மாதக்கணக்கில் ஆராய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்தனர். 2011 மார்ச்சில் அனைவரும் கூடிய அவையில் ஓர் உறை பிரிக்கப்பட்டது. அந்த அதிர்வு விண்ணிலிருந்து வந்ததன்று. ஆய்வாளர்களின் விழிப்பைச் சோதிக்க அவர்களுள் சிலரே கமுக்கமாகப் புகுத்தியது என்னும் செய்தி அதனுள் இருந்தது. இப்படியொரு சோதனை நடக்கலாம் என்பதை அறிந்தே அனைவரும் உழைத்தனர். எழுதிய கட்டுரையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கருவியை மேலும் செம்மைப்படுத்தச் சென்றனர். 2015இல் உண்மையான அலை வந்தபோது அவர்கள் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி, 'இதுவும் புகுத்தப்பட்டதோ?' என்பதே. அன்று என்பது உறுதியான பின்னும் ஐந்து மாதம் சோதித்தே உலகுக்கு அறிவித்தனர்.

"அப்படியென்றால் நம்பலாம்" என்றார் தந்தை.

நம்மவர் பங்கு

இந்தத் தேடலில் நம் நாட்டின் கைகளும் உண்டு. கருந்துளைகளின் கணிதத்தை விரிவாக ஆராய்ந்து 1983இல் நூல் வெளியிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அதே ஆண்டில் அவர் நோபல் பரிசும் பெற்றார். அதிர்ச்சிக்குள்ளான கருந்துளை, அடிக்கப்பட்ட மணியைப் போல அதிர்ந்து அடங்கும் என்பதை 1970இல் கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூருவைச் சேர்ந்த விசுவேசுவரா. 2015இல் வந்த அலையின் இறுதிப் பகுதி அவ்வாறே அதிர்ந்து அடங்கியது. அச்செய்தியை அவர் தம் வாழ்நாளிலேயே கேட்டார். இரைச்சலுக்குள் புதைந்த அலையை, முன்னரே கணித்த வடிவங்களோடு பொருத்திப் பிரித்தெடுக்கும் முறையை வளர்த்தவர்களுள் சஞ்சீவ் துரந்தரும் சத்தியபிரகாசும் குறிப்பிடத்தக்கவர்கள்.

கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர்கள் இருந்தன. அவர்கள் சார்ந்த நிறுவனங்களுள் சென்னைக் கணிதவியல் நிறுவனமும் ஒன்று. அது இருக்கும் சிறுசேரி, அன்று எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

பதிவேடு சொன்னது

திங்கட்கிழமைக்கான முதல் பாதி விடை அணியமாகிவிட்டது. மறுபாதிக்காக ஞாயிற்றுக்கிழமை இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். வேறொரு வேலைக்காக எடுத்துவைத்திருந்த வருகைப் பதிவேடு மேசைமீது இருந்தது. அதைத் திறந்து அம்மாணவியின் பெயரைத் தேடினேன். மழை ஓய்ந்து பள்ளி திறந்தபின், திசம்பர் மாதத்தில் அவள் பெயருக்கு நேரே பதினொரு நாள்கள் வராமைக் குறி இருந்தது. குறியிட்டவை என் கைகள். ஏன் வரவில்லை என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

தந்தையின் விரல் நின்ற இடம்போல என் விரல் அந்தப் பக்கத்தில் நின்றது.

திங்களன்று அலையைப் பற்றி அறிந்த அனைத்தையும் வகுப்பில் சொன்னேன். முடிவில் அவளைப் பார்த்து, "உன் கேள்வியின் மறுபாதிக்கு என்னிடம் விடை இல்லை, அம்மா. உங்கள் வீட்டுத் தறிக்குழியின் செய்தி என் பதிவேட்டிலேயே இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. அது என் தவறு" என்றேன். அவள் எதுவும் சொல்லாமல் தலையசைத்து அமர்ந்தாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்குச் சென்றேன். குழியின் சுவரில் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. பெரிதாக எதுவும் செய்ய என்னால் இயலவில்லை. ஆனால், அன்றுமுதல் வகுப்புக்கு வராத எந்த மாணவரையும் காரணம் கேட்காமல் விட்டதில்லை.

மீண்டும் அதே கேள்வி

2017 ஆகஸ்டு 17 அன்று மற்றோர் ஈர்ப்பலை பதிவானது. பதின்மூன்று கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால் எழுந்தது அது. இம்முறை ஒளியும் கண்டறியப்பட்டது. பொன் போன்ற கனத்த தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு வலுவான சான்று அன்று கிடைத்தது. எங்கள் ஊர்ச் சரிகையில் பூசப்படும் பொன்னுக்கும் இப்படியொரு விண்மீன் வரலாறு இருக்கலாம். அவ்வாண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு ரெய்னர் வைஸ், பாரி பாரிஷ், கிப் தோர்ன் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

2023 ஏப்ரலில், மகாராட்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் 'லைகோ-இந்தியா' அமைக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ஏறத்தாழ 2600 கோடி ரூபாய். தொலைவிலுள்ள நாடுகளில் கருவிகள் பெருகப் பெருக, அலை வந்த திசையைத் துல்லியமாக அறியலாம்.

சில மாதங்கள் கழித்து, எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் இளம் ஆசிரியை வந்தார். அதே மாணவிதான். இயற்பியலில் முதுகலை முடித்து, கல்வியியல் பயின்றுகொண்டிருந்தார். அவர் ஈர்ப்பலைப் பாடம் நடத்திய நாளில் நான் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். பட்டுத்துணி ஒன்றை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இழுத்துக் காட்டினார். 2600 கோடி என்று கேட்டதும் ஒரு மாணவன் எழுந்தான். "இவ்வளவு பணத்தில் எத்தனை வீடு கட்டலாம், அக்கா? இதனால் நமக்கு என்ன?" என்றான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இந்தக் கேள்வியை நானும் இதே வகுப்பில் கேட்டேன்" என்றார் அவர். "வீடும் வேண்டும், அதைக் கேட்பதை நீ விட்டுவிடாதே. ஆனால், ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைக் கேட்க முடியாது என்று யாரும் சொன்னால் நம்பாதே. நமக்குக் காதுகள் இரண்டு."

மாணவன் முழுமையாக நிறைவடைந்தான் என்று சொல்ல மாட்டேன். நிறைவடையாத கேள்வியும் ஒரு வகுப்பறைக்கு வேண்டியதே. ஆனால், என் மனத்தில் நின்றது அந்த விடை அன்று. பாடத்தைத் தொடங்கும்முன் அவர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஒரு பெயரை அழைத்தார், குரல் வரவில்லை. குறியிடுவதற்கு முன் எழுதுகோலை நிறுத்தி, வகுப்பைப் பார்த்துக் கேட்டார்:

"மூன்று நாளாக வரவில்லையே, ஏன்? யாருக்காவது தெரியுமா?"

சொல்பொருள்

பாவு – தறியில் நீளவாட்டில் அமையும் இழைகள்
ஊடை – பாவுக்குக் குறுக்கே ஓடும் இழை
நாடா – ஊடையைச் சுமந்து செல்லும் நெசவுக் கருவி
முகடு, அகடு – அலையின் உயர்ந்த பகுதி, தாழ்ந்த பகுதி
சீரொளி – லேசர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் கைத்தொழில் ஒன்றில் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றுக்குப் பொருள் எழுதுக.
2. 'தவறு நேர்ந்தால் பிரித்தார்களா?' என்னும் தந்தையின் கேள்வி அறிவியலுக்கும் வாழ்வுக்கும் எவ்வாறு பொருந்துகிறது? வகுப்பில் கலந்துரையாடுக.
3. 'அடிப்படை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது தேவையே / தேவையன்று' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.